ஆறாம் லைன் வளைவு

குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் சாரங்கா. ஆனால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அவளை அந்தச் சின்ன அறைக்குள் இருத்தினார்கள்.

கிளிநொச்சிக்குத் தெற்கே, இரணைமடு வாய்க்காலை ஒட்டி இருக்கிறது அந்த ஆடைத் தொழிற்சாலை. ஊருக்குள் எல்லாரும் கார்மெண்ட்ஸ் என்பார்கள். சாரங்காவின் தகப்பன் ஆண்டியப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, காடு வெட்டிக் குடிசை போட்டவர். சொந்த வயல் கிடையாது. சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது சாரங்காவுக்கு இருபது வயது தாண்டியிருந்தது. கார்மெண்ட்ஸ் கட்டடம் எழும்பியதும் முதல் ஆளாகப் போய் மெசினில் உட்கார்ந்தாள். கொலர் தைப்பதில் அவளுடைய லைனில் அவளை மிஞ்ச ஆளிருக்கவில்லை. அந்தக் கொலரே வலது தோளைத் தின்றுவிட்டது. கையை உயர்த்தித் தலை வாரமுடியாமல் போன பிறகு, வேலையை விடுவதா என்று அவளும் கணவன் ரூபனும் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் வண்டிகள் வந்தன.

தானாக ஓடும் வண்டிகள். இடுப்பளவு உயரம், சாம்பல் நிறம். வெட்டிய துணிக் கட்டுகளை வெட்டும் பகுதியிலிருந்து ஏற்றிக்கொண்டு, ஆள் இல்லாமல், லைன் லைனாகப் போய்க் கொடுத்துவிட்டு வரும். அவற்றைப் பார்த்துக்கொள்ள வவுனியாவிலிருந்து கிருசாந்தன் என்ற இளம் எஞ்சினியர் வந்து சேர்ந்தான். வண்டிகளோடு வேலை செய்யும் ஆட்கள் அவற்றைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தலைமை அலுவலகம் அறிய விரும்பியது. வெளியே போகும் வாசலில் ஒரு டப், கையகலத் தொடுதிரைக் கணினி, பூட்டினார்கள். பொத்தானை அழுத்தி அரை நிமிடம் பேசலாம். "உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது" என்று பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

பேசியதெல்லாம் கொழும்பிலுள்ள ஒரு கணினி நிரலுக்குப் போகும். அது பேச்சை எழுத்தாக்கி, பேசியவரின் மனநிலை நல்லதா, கெட்டதா, இரண்டும் இல்லையா என்று பிரிக்கும். பயம், கோபம், சலிப்பு, நிம்மதி என்று பெயர் வைக்கும். பிறகு தொழிற்சாலைத் தரையின் படத்தில் எந்த இடத்தில் எந்த உணர்வு என்று நிறம் பூசிக் காட்டும். சிவப்பு விழுந்த இடத்தில் வண்டி போகும் பாதையையும் அதன் நடத்தையையும் கிருசாந்தன் மாற்றவேண்டும். இதை அவர்கள் உணர்வுப் பகுப்பாய்வு என்றார்கள்.

நிரலுக்கு வன்னிப் பேச்சு விளங்கவில்லை. "காணும் சாமி, காணும்" என்று, போதும் என்ற பொருளில், ஒருத்தி அலுத்துச் சொன்னதை, எல்லாம் நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டு பச்சை பூசியது. அதனால் இந்த ஊர்க் காது ஒன்று தேவைப்பட்டது. சாரங்காவுக்கு ஒரு ஹெட்செற்றும் கணினியும் கொடுத்தார்கள். நிரல் போட்ட அடையாளம் சரியா பிழையா என்று கேட்டுத் திருத்துவது அவள் வேலை.

முதல் மாதத்திலேயே அவளால் ஒரு நல்லது நடந்தது. வண்டி பின்னால் வரும்போது சத்தம் போதவில்லை என்று பலர் சொன்னதாக நிரல் எழுதியிருந்தது. சாரங்கா கேட்டாள். சத்தத்தைப் பற்றி அவர்கள் பேசவேயில்லை. முதுகுப் பக்கமாக ஏதாவது வந்தால், சண்டைக் காலத்துப் பழக்கத்தில், அந்தப் பெண்களுக்கு உடம்பு தானாகக் குனிந்தது. அதைத்தான் சொல்லத் தெரியாமல் சொன்னார்கள். "பயம்" என்று திருத்திவிட்டு, "கண்ணுக்குத் தெரிய முன்னால் வரவேண்டும்" என்று குறிப்பு எழுதினாள். கிருசாந்தன் அதை மதித்தான். வண்டிகள் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக வந்தன, வரும்போது மஞ்சள் விளக்கு மினுக்கின. படத்தில் சிவப்பு மெல்ல மெல்ல வடிந்தது. அன்று அவள் வீட்டுக்குப் போகும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

ஆனால் அந்த வேலை அவளை மற்றவர்களிடமிருந்து பிரித்தது. மதியம் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடும்போது, எதிரே இருப்பவள் முதல் நாள் என்ன சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியும். சுதாஜினி சத்தமாகச் சிரித்துப் பேசுகிறவள், வண்டிக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பகிடி பண்ணுகிறவள். அதே சுதாஜினி டப்பில், "இந்த வண்டி வந்தால் எங்களை வீட்டை அனுப்பப் போறியளோ? உண்மையைச் சொல்லுங்கோ," என்று கேட்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லச் சாரங்காவுக்கு வழியில்லை. சொன்னால் கேட்டது தெரிந்துவிடும். தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

குரல்கள் அவளோடு வீட்டுக்கும் வந்தன. குளிக்கும்போது, அரிசி களையும்போது, முகமில்லாமல் யாரோ பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவதுபோல இருக்கும். ரூபன் "தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று கேட்டால், அந்தக் கேள்வியில் சலிப்பு இருக்கிறதா என்று மனம் தேடும். ஒருநாள் மகள் யதுர்ஷிகா புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, நான் கதைக்கேக்கை நீங்கள் ஏன் என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை?"

அப்போதுதான் தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதைச் சாரங்கா அறிந்தாள்.

அந்த ஆண்டு மாரி அடித்துப் பெய்தது. இரணைமடுக் குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வான் பாய்ந்தது. வாய்க்கால் விளிம்பு தட்ட ஓடியது. மழை விட்ட கையோடு படத்தில் ஒரு புதுச் சிவப்பு விழுந்தது. ஆறாம் லைன் முடிந்து சுவர்ப் பக்கம் திரும்புகிற வளைவு. ஒரு வட்டம்போல, அந்த இடத்தில் மட்டும்.

"அதிலை வந்து நிக்குது. குறுக்காலை ஒண்டுமில்லை. ஏன் நிக்குது?"

"ஆருக்கோ வழி விடுறமாதிரி நிண்டு, பிறகு மெல்லமாப் போகுது. எனக்குக் கால் கூசுது."

"ஆறாம் லைன் மூலையிலை எனக்கு வேலை தரவேண்டாம். கையெடுத்துக் கும்பிடுறன்."

ஒவ்வொரு நாளும் இப்படி. பேசியவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றி எதுவும் தெரியாது. முக்கால்வாசிப் பேர் வேறு ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். ஆனால் வன்னியில் ஒரு இயந்திரம் காரணமில்லாமல் ஓரிடத்தில் நின்றால், நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். வளைவில் ஒருநாள் காலை செவ்வரத்தம்பூ கிடந்தது. சுப்பவைசர் ஏசினார். மறுநாள் பூவோடு கற்பூரமும் இருந்தது.

இந்தப் பயக் குரல்களுக்கு நடுவில் ஒரே ஒரு குரல் வேறுமாதிரிச் சொல்லியது. வயதான குரல், அவசரமில்லாதது.

"நல்லாயிருக்கு. அதிலை ஒருக்கா நிண்டு போறது நல்லாயிருக்கு. அப்பிடியே விடுங்கோ."

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். நிரல் ஒவ்வொரு தடவையும் "நல்லது, நிம்மதி" என்று போட்டிருந்தது. சாரங்கா திரும்பத் திரும்பக் கேட்டாள். பிழையில்லை. நிம்மதிதான்.

கிருசாந்தன் அவளுடைய அறைக்கு வந்து திரையைக் காட்டினான்.

"சாரங்கா அக்கா, இது ஒண்டு மட்டும் ஏன் பச்சையா நிக்குது? நிரல் பிழையா எடுத்திட்டுதோ?"

"இல்லை சேர். சரியாத்தான் எடுத்திருக்கு."

"அப்ப ஆரோ பகிடி விடினமோ?"

"பகிடி இல்லை."

"ஆரெண்டு தெரியுமோ?"

"பேர் இல்லை சேர்," என்றாள் சாரங்கா.

பொய் இல்லைதான். ஆனாலும் சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். தரை கூட்டுகிற இராசேஸ்வரியக்கா. ஐம்பத்தெட்டு வயது. யாரோடும் அதிகம் பேசமாட்டார். தும்புத்தடியை நிலத்தில் உரசாமல், குழந்தைக்குத் தலை தடவுவதுபோலக் கூட்டுவார் என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

கிருசாந்தன் வளைவில் மட்டப்பலகை வைத்துப் பார்த்தான். தரை ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. வண்டிக்குத் தெரிந்தது. துணிக் கட்டு சரிந்து விழாமலிருக்க, சாய்வு கண்டால் நின்று நிதானித்துப் போகும்படி அதைச் செய்திருந்தார்கள். அவ்வளவுதான் விசயம்.

"மழைக்குக் கீழை மண் இறங்கியிருக்கு," என்றான் சாரங்காவிடம். "துளை போட்டுச் சீமெந்துப்பால் இறக்கினால் சரி. இதிலை முந்தி ஏதும் பழைய குழி இருந்திருக்கும்."

சொன்ன பிறகு அந்தச் சொல் அவனுக்கே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சாரங்கா வாய்க்காலைக் கடந்து இராசேஸ்வரியின் வீட்டுக்குப் போனாள். ஒரு அறையும் குசினியும் கொண்ட வீடு. இராசேஸ்வரி முற்றத்தில் சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

"ஆரது, சாரங்காவோ? வா பிள்ளை. கதிரையை இழுத்துப் போட்டு இரு."

எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மழையைப் பற்றிப் பேசினாள். தோள் வலியைப் பற்றிப் பேசினாள். பிறகு, "அக்கா, வாசலிலை டப்பிலை கதைக்கிறியள் எல்லோ..." என்றாள்.

இலை உருவிய கை நின்றது.

"நீயோ கேக்கிறனி?"

"ஓம் அக்கா."

"பேர் தெரியாது எண்டு எழுதி ஒட்டியிருக்கு."

"பேர் தெரியாது. குரல் தெரியும்."

இராசேஸ்வரி சுளகை வைத்துவிட்டு எழுந்து குசினிக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. போய்விடச் சொல்கிறாரோ என்று சாரங்கா எழும்பினாள். இரண்டு கோப்பைத் தேநீரோடு அவர் திரும்பி வந்தார். முகம் இறுகியிருந்தது.

"எல்லாற்றை குரலும் உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அவையளுக்குத் தெரியுமோ, நீதான் கேக்கிறாய் எண்டு?"

"தெரியாது அக்கா."

"பாவம் செய்யிறாய் பிள்ளை," என்றார் இராசேஸ்வரி. தேநீரைக் கையில் கொடுத்தார். "குடி. ஆறப்போகுது."

அதற்குப் பிறகு அவராகத்தான் சொன்னார். கார்மெண்ட்ஸ் நிற்கிற இடத்தில் ஒரு துண்டு அவர்களுடைய காணி. கணவர் சிற்றம்பலத்தின் தகப்பன் குளத் திட்டத்துக்கு ஆள் எடுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். கல் வீடு, மூன்று தென்னை, கட்டுக் கிணறு. கடைசிச் சண்டையில் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது, இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பி, பசுவையும் கன்றையும் கொட்டிலில் கட்டியபடியே விட்டுப் போனார்கள். விசுவமடுவில் ஒரு மரத்தடியில் தறப்பாள் கட்டி இருந்தார்கள். நாள் போகப் போகத் திரும்பமுடியாது என்று தெரிந்தது.

"அவருக்கு நித்திரை இல்லை. கட்டினபடி கிடந்து சாகப்போகுது, அவிட்டு விட்டிட்டு ஓடி வாறன் எண்டு சைக்கிளை எடுத்தார். நான் மறிக்கேல்லை. நானும் அந்த மாட்டைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

சிற்றம்பலம் திரும்பி வரவில்லை. போகும்போது விழுந்தாரா, வீடு வந்து சேர்ந்தாரா, திரும்பும் வழியிலா, எதுவும் தெரியாது. முகாமிலிருந்து வந்து பார்த்தபோது காணி மட்டமாக நிரவப்பட்டுக் கிடந்தது. வீடு இல்லை. கிணறு இருந்த அடையாளம் இல்லை. காணிப் பத்திரம் ஓட்டத்தில் போய்விட்டது. பிறகு கட்டடம் எழும்பியது.

"கிணத்துக்கை அவர் கிடக்கிறார் எண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை பிள்ளை. நானாத்தான் நினைச்சுக்கொண்டன். நினைக்கிறதுக்கு ஒரு இடம் வேணும்தானே."

"எந்த இடம் எண்டு எப்பிடித் தெரிஞ்சது அக்கா?"

"வாய்க்கால் மதகையும் மதிலுக்கு அங்காலை நிக்கிற ஒற்றைப் பனையையும் வைச்சுப் பார். நேரே அந்த வளைவுதான். கூட்டுறதுக்கு ஆள் எடுக்கிறாங்கள் எண்டு கேள்விப்பட்டு வந்தனான். ஆறாம் லைன் பக்கத்தைக் கேட்டு வாங்கினனான்."

இத்தனை ஆண்டும் அவர் அந்தத் தரையை மெதுவாகக் கூட்டியதற்குக் காரணம் சாரங்காவுக்கு அப்போது விளங்கியது. கோப்பையை நிலத்தில் வைத்தாள்.

"எல்லாரும் அதுக்கு மேலாலைதான் நடந்து போச்சினம்," என்றார் இராசேஸ்வரி. "ஒருத்தரும் நிண்டதில்லை. ஏன் நிக்கவேணும், அவையளுக்குத் தெரியாது. மழைக்குப் பிறகு ஒருநாள் அந்த வண்டி வந்து அதிலை நிண்டது. நான் தும்புத்தடியை நிலத்திலை வைச்சிட்டன். அதொண்டுதான் பிள்ளை நிண்டது." பிறகு கேட்டார்: "ஆருக்கும் சொல்லுவியோ?"

"சொல்லமாட்டன் அக்கா."

அவள் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு அந்த அறையில் இருப்பது பெரும் பாடாகிவிட்டது. பயந்த குரல்கள் வந்துகொண்டேயிருந்தன. ஒரு பெண் வளைவில் மயங்கி விழுந்தாள். அந்தப் பயமும் உண்மை. இராசேஸ்வரியின் நிம்மதியும் உண்மை. இரண்டும் ஒரே வட்டத்துக்குள் இருந்தன. ஒன்றைத் தீர்த்தால் மற்றது போய்விடும். மதியத்தில் சாரங்கா அந்த வளைவைத் தவிர்த்து, நாலாம் லைனால் சுற்றிக்கொண்டு போனாள்.

சீமெந்துப்பால் இறக்க ஆள் வருகிற நாள் முடிவானது. சாரங்கா அதைத் தண்ணீர்க் குழாயடியில் வைத்து இராசேஸ்வரியிடம் சொன்னாள். அவர் தும்புத்தடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்ப?"

"நாளைக்கு. வெள்ளிக்கிழமை."

"இறுகினால் பிறகு எடுக்கேலாது, என்ன?"

"ஏலாது அக்கா."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கழுவிய தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். மறுநாள் காலை, சங்கு ஊத முந்தி, கிருசாந்தனின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். வழியில் சாரங்காவின் அறைக் கதவைத் தட்டி, "நீயும் வா," என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"தம்பி, அதுக்கை சீமெந்து ஊத்தாதேங்கோ. அது என்ரை கிணறு."

கிருசாந்தன் எழுந்து தன் கதிரையை அவருக்குக் கொடுத்தான். அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றபடியே கேட்டான். அவனுக்கு அதை மறைக்க வழியிருந்தது. சீமெந்து வாகனம் பாதி வழி வந்திருந்தது. அவன் மனேச்சரிடம் போனான். அன்று முழுவதும் தலைமை அலுவலகத்தோடு தொலைபேசிப் பேச்சு நடந்தது. பொலிசுக்குச் சொல்லவேண்டும், நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், வைத்தியர் ஒருவர் நிற்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாள் எடுத்தது. கடைசியில் ஆறாம் லைனை மூடி, வளைவைச் சுற்றி நீலத் தறப்பாள் கட்டினார்கள்.

மற்ற லைன்கள் ஓடின. தரை உடைக்கும் சத்தத்துக்கு நடுவில் பெண்கள் தைத்தார்கள். தறப்பாளுக்கு வெளியே இராசேஸ்வரிக்கு ஒரு கதிரை போட்டிருந்தது. அவர் காலையில் வந்து உட்கார்ந்தால் மாலை வரை எழும்பமாட்டார். கல் கட்டின் விளிம்பு தெரிந்ததும் தலையை ஆட்டினார். இடிந்த சுவர்த் துண்டுகள் வந்தன. கிணற்றுக் கப்பி வந்தது. அதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு எலும்பு வந்தது.

யாரும் சொல்லவில்லை. ஆனால் மெசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தப் பெரிய மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சாரங்கா அறையிலிருந்து வந்து இராசேஸ்வரியின் பின்னால் நின்றாள். பின்னால் நிற்பது தெரிந்து, அவர் தோளுக்கு மேலால் கையை நீட்டிச் சாரங்காவின் விரலைப் பிடித்துக்கொண்டார்.

வைத்தியர் முழங்காலில் இருந்து வெகுநேரம் பார்த்தார். எழுந்து வந்து மெதுவாகச் சொன்னார். மாட்டு எலும்பு. ஒன்று பெரியது, மற்றது கன்று.

அதற்குக் கீழேயும் தண்ணீர் மட்டம் தாண்டித் தோண்டினார்கள். வேறு எதுவும் இல்லை.

"கழுத்திலை கயிறு இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ," என்றார் இராசேஸ்வரி. "நைலோன் கயிறு. பச்சை. அது உக்காது."

மண்ணை அரித்தெடுத்துத் தேடினார்கள். கயிறு இல்லை. அதைக் கேட்டதும் அவர் முகம் ஒரு கணம் தெளிந்தது.

"அப்ப அவிட்டு விட்டிருக்கிறார். வீடு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறார்."

பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கயிறு இல்லாமல் போக வேறு எத்தனையோ வழி உண்டு என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கிருசாந்தன் பொலிஸ்காரரின் கையைத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்தான்.

அன்று பின்னேரம் சாரங்கா அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வாய்க்கால் மதகில் இராசேஸ்வரி நின்றுவிட்டார்.

"இவ்வளவு காலமும் அதுக்கை கிடக்கிறார் எண்டு நினைச்சுக் கூட்டினனான் பிள்ளை. இனி எங்கை எண்டு நினைக்க?"

இருட்டுகிற வரைக்கும் இருவரும் மதகிலேயே நின்றார்கள்.

கிணற்றைக் கல்லும் மணலும் போட்டு நிரப்பி, மேலே புதுத் தளம் போட்டார்கள். வண்டி அந்த வளைவில் வழுக்கிக்கொண்டு போனது. படத்தில் சிவப்பு வட்டம் மறைந்து பச்சை வந்தது. முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆட்களின் மனநிலையை அறிந்து வேலையிடத்தைத் திருத்துவதற்கு இது நல்ல உதாரணம் என்று தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பியது. இராசேஸ்வரி வேலையை விட்டுப் புதுக்குடியிருப்பிலுள்ள மகள் சிவதர்சினியிடம் போய்விட்டார்.

ஆனால் கதை பரவியிருந்தது. சாரங்காவுக்குக் குரல் தெரியுமாம். அவள் போய்த்தான் கிணற்றுக் கதை வெளியில் வந்ததாம். சுதாஜினி சாப்பாட்டு மேசையில் தட்டைக் கையில் பிடித்தபடி கேட்டாள்:

"நான் கதைச்சதும் கேட்டனியோ?"

"கேட்டனான்."

"கேட்டிட்டோ எனக்கு முன்னாலை இருந்து சோறு திண்டனி?"

தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஹெட்செற்றில் எல்லாம் ஒன்றுபோல வந்தது. "நல்லம்." "ஒரு குறையுமில்லை." "எல்லாம் திறம்." நிரல் பச்சை பூசிக்கொண்டே போனது. சாரங்கா அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிருசாந்தனிடம் போனாள்.

"சேர், இது எல்லாம் பொய்."

"தெரியும் அக்கா. என்ன செய்வம்?"

"பேர் தெரியாது எண்டு எழுதினதைக் கழட்டுங்கோ. கேக்கிறது ஆர் எண்டு எழுதுங்கோ. என்ரை படத்தையும் போடுங்கோ. வேண்டாம் எண்டு சொன்னால் அழிக்கிறன் எண்டும் எழுதுங்கோ."

தலைமை அலுவலகம் தயங்கியது. பேசுகிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்றது. கிருசாந்தன் விடாமல் எழுதினான். ஒருநாள் வாசலில் சாரங்காவின் படம் வந்தது. அவள் மதியம் சாப்பாட்டு மண்டபத்தில் எழும்பி நின்று, நான்தான் கேட்கிறேன், இவ்வளவு நாளும் சொல்லாமல் கேட்டது பிழை என்றாள். கரண்டிச் சத்தம் திரும்பவும் தொடங்கியது.

முதலில் வந்தவை வெறும் மௌனங்கள். பொத்தானை அழுத்திவிட்டு யாரோ பேசாமல் நிற்பார்கள். மூச்சு, வளையல் உரசல், தூரத்தில் பஸ் ஹோர்ன். அரை நிமிடம் முடியும். நிரல் அவற்றை "இரண்டும் இல்லை" என்று போட்டது. சாரங்கா அந்த அடையாளத்தை எடுத்துவிட்டுக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். ஒவ்வொன்றையும் கடைசி வரைக்கும் கேட்டாள். யார் நிற்கிறார்கள் என்று மூச்சிலேயே தெரிந்தது. பல நாட்களுக்குப் பிறகு ஒரு குரல், "சாரங்கா, தோள் இப்ப எப்பிடி?" என்று கேட்டுவிட்டு அணைந்தது. சுதாஜினி. சாரங்கா ஹெட்செற்றைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியில் போய் நின்றாள்.

வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்த் திரும்பும் வழியில், ரூபனையும் மகளையும் முதலில் அனுப்பிவிட்டு அவள் புதுக்குடியிருப்பில் இறங்கினாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவதர்சினியின் சின்னப் பலசரக்குக் கடை. இராசேஸ்வரி உள்ளே சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். சாரங்காவைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினார்கள். பிறகு இராசேஸ்வரி கேட்டார்:

"நான் கதைச்சது எல்லாம் இன்னும் அங்கை கிடக்கோ?"

"குரலை அழிச்சிட்டன் அக்கா. எண்டாலும்..." சாரங்கா நிறுத்தினாள். மறைக்க மனமில்லை. "அழிக்க முந்தி அந்த நிரல் எல்லாற்றை குரலையும் வைச்சுப் படிச்சிட்டுது. நிம்மதி எண்டால் எப்பிடி இருக்கும் எண்டு அது உங்கடை குரலையும் சேர்த்துத்தான் பழகினது. இப்ப அதை வேறை ஊர் ஃபக்டரியளுக்கும் குடுத்திருக்கினம்."

"என்ரையைப் பிரிச்சு எடுக்கேலாதோ?"

"ஏலாது. எதுக்கை எவ்விடத்திலை போச்சுது எண்டு செய்தவைக்கே தெரியாது."

இராசேஸ்வரி சீனிப் பையின் வாயை நூலால் கட்டினார். இறுக்கி ஒருதரம், திரும்ப ஒருதரம்.

"அப்பிடியோ," என்றார்.

கிளிநொச்சி பஸ் வந்து நின்றது. தெரு வரைக்கும் வந்து அவளை ஏற்றிவிட்டு, உள்ளே இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவர் கடைக்குத் திரும்பினார். சாரங்காவுக்கு யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. அந்தத் தெருவால் அவள் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறாள். விசுவமடு தாண்டியதும் ஒரு மனிதன் சைக்கிளில் இதே தெருவால்தான் போயிருப்பான் என்ற நினைவு வந்தது. மாட்டை அவிழ்த்துவிடப் போனவன். இரண்டு பக்கமும் பற்றை, தென்னம்பிள்ளை, புதுச் சுவர்கள், பாதி கட்டிய வீடுகள். பஸ் ஆள் ஏற்ற நின்ற ஒவ்வொரு இடத்திலும், இங்கேயோ என்று அவள் வெளியே பார்த்தாள். தருமபுரத்தில் வெயில் தாழ்ந்தது. பக்கத்தில் இருந்தவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்தத் தெரு முடிகிற பரந்தன் வரும் வரைக்கும் சாரங்கா கண்ணை மூடவில்லை.